கட்டிங் மெஷினில் செங்கோண வெட்டு

இரும்புக் குழாய், ஆங்கிள், சேனல், பட்டை, கம்பி ஆகியவற்றை உராய்வுச் சக்கரத்தால் துண்டாக்கும்போது, வெட்டுமுகம் அப்பொருளின் நீளத்துக்குச் சரியாக 90 டிகிரியில் அமைவதே செங்கோண வெட்டு. கிரில், கேட், ஷெட், மேசைச் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி என்று பற்றவைத்துச் செய்யும் எந்த வேலைக்கும் இதுவே முதல் படி. வெட்டு கோணினால் இணைப்பில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால், உருகி ஆறும் உலோகம் சுருங்கிச் சட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். சுவர் கனம் 1.6 அல்லது 2 மி.மீ. மட்டுமே உள்ள குழாயில் இடைவெளி இருக்கும் இடமே முதலில் ஓட்டையாகும்.

பட்டறைகளில் கட்டிங் மெஷின் என்றும், சாப் சா என்றும் அழைக்கப்படும் இக்கருவி, விரைவுக்கும் குறைந்த செலவுக்கும் பெயர் பெற்றது. கோணல் வெட்டுக்கும் அதே அளவு பெயர் பெற்றது. அந்தக் கெட்ட பெயர் பெரும்பாலும் நியாயமற்றது. மெஷினுக்குச் செங்கோணம் தெரியாது. எந்தக் கோணத்தில் பொருளை வைத்துப் பிடிக்கிறோமோ அந்தக் கோணத்தில் அது வெட்டும். சுவிட்சை அழுத்துவதற்கு முன் செய்யும் வேலைகளே வெட்டின் நேர்மையில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன.

கருவியின் அமைப்பு

பரவலாகப் புழங்கும் அளவு 14 அங்குலம், அதாவது 355 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தைக் கொண்ட மெஷின். மோட்டாரின் திறன் ஏறத்தாழ 2,000 முதல் 2,400 வாட். சுமையில்லாமல் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்கு 3,800 சுற்றுகளை ஒட்டிச் சுழலும். அந்த வேகத்தில் சக்கரத்தின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 70 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அடித்தட்டின் பின்பகுதியில் ஒரு கீல். அந்தக் கீலில் மோட்டாரும் சக்கரமும் கொண்ட கை ஏறி இறங்கும். அடித்தட்டின் மேல் வைஸ் இருக்கும். முன்னால் திருகினால் வைஸின் நகரும் தாடை பொருளைப் பின்னோக்கித் தள்ளும். பொருள் போய்ச் சாயும் நிலையான பின் தாடையை இக்கட்டுரை அணைத்தகடு என்று குறிக்கிறது. அணைத்தகட்டை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தினால் தகட்டை 45 டிகிரி வரை திருப்பலாம். பல மெஷின்களில் முன்னும் பின்னும் நகர்த்தியும் வைக்கலாம். அதன் அருகே பொறித்த கோணக் கோடுகள் தோராயமானவை. அந்தக் கோடுகளை நம்பி 90 என்று வைத்து வெட்டுவதுதான் கோணல் வெட்டின் மிகப் பொதுவான தொடக்கம்.

சக்கரம்

கட்டிங் வீல் ரம்பம் அல்ல. அதற்குப் பற்கள் கிடையாது. அலுமினியம் ஆக்சைடு மணிகளை ஃபீனாலிக் பிசினில் குழைத்து, கண்ணாடி இழை வலையை உள்ளே வைத்து அழுத்திச் சுட்டெடுத்த வட்டத்தகடு அது. ஒவ்வொரு மணியும் ஒரு சிறிய உளியாக வேலை செய்கிறது. முனை மழுங்கிய மணி உடைந்தோ பிடுங்கிக்கொண்டோ போக, அடியில் உள்ள புதிய மணி வெளிப்படும். சக்கரம் தேய்வது குறையன்று. அதுவே அது தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும் வழி.

சக்கரத்தின் மேல் அச்சிட்ட குறிகளில் ஒன்று ஏ 30 எஸ் பிஎஃப் போல இருக்கும். ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு, 30 என்பது மணியின் பருமன், எஸ் என்பது பிடிப்பின் கடினம், பிஎஃப் என்பது இழைவலை இட்ட பிசின் கட்டு. பிடிப்பு மிகக் கடினமானால் மழுங்கிய மணிகள் விழாமல் தங்கிச் சக்கரம் பளபளத்துவிடும். மென்மையானால் சக்கரம் வேகமாகக் கரையும்.

செங்கோணத்தைப் பொறுத்தவரை சக்கரத்தைப் பற்றி அறிய வேண்டிய முக்கியச் செய்தி, அது வளையும் என்பது. 355 மி.மீ. விட்டத்துக்கு 2.5 அல்லது 3 மி.மீ. கனமே உள்ள தகடு அது. நடுவில் இருபுறமும் இறுக்கும் வட்டப் பட்டைகளுக்கு வெளியே அதற்குத் தாங்கல் எதுவும் இல்லை. ஒரு தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே மற்றவை சமமாக இருந்தால், 2.5 மி.மீ. சக்கரத்தின் விறைப்பு 3 மி.மீ. சக்கரத்தினுடையதில் 5-இல் 3 பங்குக்கும் குறைவு. மெல்லிய சக்கரம் விரைவாக வெட்டும், பொருளையும் மிச்சப்படுத்தும்; பக்கவாட்டில் தள்ளுபட்டால் எளிதில் விலகவும் செய்யும். இதே காரணத்தால் புதுச் சக்கரத்தைவிடப் பாதி தேய்ந்த சக்கரம் சில வேளைகளில் நேராக வெட்டும்; வெளியே நீட்டி நிற்கும் பகுதி குறைந்து விறைப்பு கூடியிருக்கும்.

தேய்மானத்தில் இழப்பும் உண்டு. 355 மி.மீ. சக்கரம் 250 மி.மீ. ஆகும்போது, அதே சுற்று வேகத்தில் விளிம்பு வேகம் வினாடிக்கு 70 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைகிறது. வெட்ட நேரம் கூடும். வெட்டுபவரின் கை தானாகவே கூடுதலாக அழுத்தத் தொடங்கும். அழுத்தம் கூடினால் வளைவும் கூடும்.

இரண்டு செங்கோணங்கள்

ஒரு வெட்டு நேராக இருக்க இரண்டு கோணங்கள் 90 டிகிரியாக இருக்க வேண்டும். ஒன்று, மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்துக்கும் அணைத்தகட்டுக்கும் உள்ள கிடைக்கோணம். மற்றொன்று, முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்துக்கும் அடித்தட்டுக்கும் உள்ள நிலைக்கோணம். கோணல் வெட்டைச் சரிசெய்ய முனைபவர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பார்க்கிறார். இரண்டாவது தப்பியிருந்தால் அணைத்தகட்டை எத்தனை முறை திருத்தினாலும் வெட்டு சரியாகாது.

பொருளை எப்படிக் கிடத்துகிறோம் என்பதைப் பொறுத்து இவற்றில் எது முக்கியம் என்பதும் மாறும். 50 மி.மீ. அகலப் பட்டையைப் படுக்கவைத்து வெட்டினால் அதன் அகலத்தின் நேர்மையைக் கிடைக்கோணம் தீர்மானிக்கும். அதே பட்டையை விளிம்பில் நிற்கவைத்து வெட்டினால் நிலைக்கோணம் தீர்மானிக்கும். சதுரக் குழாய்க்கு இரண்டும் வேண்டும்.

பிழையின் அளவைக் கணக்கிட்டு வைத்திருப்பது நல்லது. 1 டிகிரி தவறினால் 50 மி.மீ. அகலத்தில் வெட்டு சுமார் 0.9 மி.மீ. ஓடிவிடும், 100 மி.மீ. அகலத்தில் சுமார் 1.75 மி.மீ. சிறிய அளவுதான். ஆனால் அந்த முகத்தை ஒட்டவைத்து 1 மீட்டர் நீளக் காலை நிறுத்தினால், காலின் மறுமுனை 17 மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும்.

வெட்டு கோணுவதன் காரணங்கள்

கோணல் வெட்டுகளில் இரு வகை உண்டு. முதல் வகையில் வெட்டுமுகம் தட்டையாகவே இருக்கும், ஆனால் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் அதே பக்கம், அதே அளவு சாயும். இது அமைப்பின் பிழை. அணைத்தகடு திரும்பியிருக்கலாம், கீலின் தண்டு தேய்ந்து கை ஒருபுறம் சாய்ந்திருக்கலாம், அடித்தட்டு முறுக்கேறியிருக்கலாம், நீளமான பொருளின் மறுமுனை தொங்கியிருக்கலாம். இரண்டாம் வகையில் வெட்டுமுகமே வளைந்திருக்கும். மேலே நேராகத் தொடங்கிக் கீழே போகப்போக விலகும். வெட்டுக்கு வெட்டு மாறும். இது சக்கரம் வளைந்ததன் அடையாளம்.

சக்கரத்தை வளைக்கும் காரணங்கள் பல. அளவுக்கு மீறி அழுத்துதல், பளபளத்துப்போன சக்கரம், ஒருபக்கமாகச் சரிந்து தேய்ந்த விளிம்பு, கீலில் பக்கவாட்டு ஆட்டம், வெட்டும்போது நகரும் பொருள் ஆகியவை அவற்றுள் அடிக்கடி காண்பவை. குழாயின் முனையில் 1 அல்லது 2 மி.மீ. மட்டும் சீவி எடுக்க முயல்வதும் இதில் சேரும். அப்போது சக்கரத்தின் ஒருபுறம் இரும்பும் மறுபுறம் வெறும் காற்றும் இருப்பதால், தடையில்லாத பக்கம் அது நழுவிவிடும். சக்கரத்தின் கனத்தைவிடக் குறைவாகச் சீவ வேண்டியிருந்தால் அரமோ கிரைண்டரோதான் பொருத்தம்.

மின்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2,000 வாட்டுக்கு மேற்பட்ட மோட்டார் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவில் இழுக்கும். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் வேகம் குறைந்தால் சக்கரம் வெட்டாமல் தேய்க்கும், வெட்டுபவர் அழுத்துவார், சக்கரம் வளையும். தடித்த ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் செங்கோணத்துக்கும் உதவுகின்றன.

மூலைமட்டத்தைச் சோதித்தல்

மெஷினை அமைக்கும்போது எல்லா அளவும் செங்கோணம் காட்டும் கருவியான மூலைமட்டத்திலிருந்து பிறப்பதால் அதை முதலில் சோதிக்க வேண்டும். நேர் விளிம்புள்ள பலகையிலோ தகட்டிலோ மூலைமட்டத்தின் கட்டையை அணைத்து ஒரு கோடு கீறவும். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே இடத்தில் மறுபக்கத்திலிருந்து இன்னொரு கோடு கீறவும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மூலைமட்டம் சரி. மேலே போகப்போக விரிந்தால், அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. கீழே விழுந்து விழுந்து எழுந்த மூலைமட்டம் பட்டறையில் சாதாரணம். அதைக் கொண்டு மெஷினைத் திருத்துவது சரியாக இருந்ததையும் கெடுக்கும்.

அணைத்தகட்டை அமைத்தல்

மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். அடித்தட்டிலும் தாடைகளிலும் ஒட்டியுள்ள இரும்புத்துகளையும் பிசின் தூசையும் பிரஷால் துடைக்கவும். கையை இறக்கி, மூலைமட்டத்தின் ஒரு கரத்தை அணைத்தகட்டிலும் மறு கரத்தைச் சக்கரத்தின் பக்கத்திலும் வைக்கவும். சக்கரத்தின் நடுவில் ஒட்டியுள்ள காகிதத்தின் மேலோ இறுக்கும் பட்டையின் மேலோ மட்டம் ஏறி நிற்கக் கூடாது. சக்கரத்தைத் தள்ளாமல் தொட்டும் தொடாமலும் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தினாலும் அது வளைந்து பொய்க் கோணம் காட்டும். சக்கரத்தின் பரப்பு கரடுமுரடானது, சிறிது நெளிவும் இருக்கும். ஆகவே இந்த அளவு ஒரு தொடக்கம் மட்டுமே.

போல்ட்டுகளை இறுக்கும்போது அணைத்தகடு சற்றுத் திரும்பும். முதலில் இரண்டையும் அரைகுறையாக இறுக்கி, மீண்டும் மட்டம் வைத்துப் பார்த்து, பிறகு மாற்றி மாற்றி முழுதாக இறுக்குவது பழகியவர்களின் வழக்கம். நிலைக்கோணத்துக்கு மூலைமட்டத்தை அடித்தட்டின் மேல் நிறுத்திச் சக்கரத்தோடு ஒப்பிடவும். சில மெஷின்களில் இதைத் திருத்தத் திருகு இருக்கும். இல்லாதவற்றில் கீலின் தேய்மானத்தைச் சரிசெய்யலாம். அல்லது பொருள் உட்காரும் இடத்தில் மெல்லிய தகட்டை ஒருபுறம் கொடுத்துச் சமன் செய்யலாம்.

திருப்பிச் சேர்க்கும் சோதனை

கடைசித் தீர்ப்பு வெட்டிய துண்டுகளிடம்தான் இருக்கிறது. நேரான, பழுதில்லாத சதுரக் குழாய் ஒன்றை வைஸில் இறுக்கி, அதன் மேற்பக்கத்தில் வெட்டு விழும் இடத்துக்கு இருபுறமும் சாக்பீஸால் ஓர் அடையாளம் இடவும். வெட்டவும். பிசிறை நீக்கவும். இரு துண்டுகளையும் தட்டையான பரப்பில் வைத்து, ஒன்றை மட்டும் அதன் நீள அச்சில் அரைச்சுற்றுப் புரட்டி, வெட்டுமுகங்களை ஒட்டவைக்கவும். அடையாளங்களில் ஒன்று மேலேயும் மற்றது அடியிலும் இருக்கும்.

வெட்டு சரியாக இருந்தால் முகங்கள் முழுதும் பொருந்தும்; குழாய் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். பிழை இருந்தால் ஒருபுறம் ஆப்பு வடிவத்தில் இடைவெளி தெரியும். புரட்டுவதால் பிழை இருமடங்காகக் காட்டுவதே இச்சோதனையின் பலம். 50 மி.மீ. குழாயில் 0.9 மி.மீ. இடைவெளி தெரிந்தால் உண்மைப் பிழை அரை டிகிரிதான். மேலிருந்து பார்க்கும்போது தெரியும் இடைவெளி கிடைக்கோணத்தையும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் இடைவெளி நிலைக்கோணத்தையும் காட்டும். இரண்டையும் தனித்தனியே பார்த்துத் தனித்தனியே திருத்த வேண்டும். மூலைமட்டத்தைப் புரட்டிச் சோதித்த அதே தத்துவம் இது. விலை உயர்ந்த அளவுகோல் எதுவும் இல்லாமல், பொருளையே பொருளோடு ஒப்பிட்டு உண்மையை அறியலாம்.

பொருளைப் பிடித்தல்

பல மெஷின்களில் வைஸ் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்கும். மறுபக்கத் துண்டு வெட்டு முடிந்ததும் தடையின்றி விலகி விழ வேண்டும். இருபுறமும் இறுக்கினால் பொருள் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அணைத்தகட்டில் பொருள் முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்கிறதா என்று இறுக்கிய பின் ஒருமுறை பார்க்க வேண்டும். குழாயின் வெல்டிங் மடிப்பு வெளியே புடைத்திருந்தால், அந்தப் பக்கம் அணைத்தகட்டையோ அடித்தட்டையோ தொடாதபடி திருப்பி வைக்க வேண்டும்.

6 மீட்டர் நீளக் குழாயை வெட்டும்போது மறுமுனையைத் தாங்காவிட்டால் எல்லா அமைப்பும் வீண். 1.5 மீட்டர் தொலைவில் குழாய் 26 மி.மீ. தொங்கினால் அதுவே 1 டிகிரிச் சாய்வு. பல பட்டறைகளில் மெஷின் தரையிலேயே கிடக்கிறது. அடித்தட்டின் உயரத்துக்குச் சமமான கட்டைகளையோ ஸ்டாண்டுகளையோ வரிசையாக வைத்து, நூல் பிடித்தோ ரசமட்டம் வைத்தோ சரிபார்த்துக்கொள்ளலாம்.

வடிவத்துக்கு ஏற்பப் பிடிக்கும் முறை மாறும். அதன் அடிப்படை விதி ஒன்றே: சக்கரம் ஒரே நேரத்தில் தொடும் இரும்பின் நீளம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவ்வளவு நேராக வெட்டும்.

ஆங்கிளைக் கூரை போலக் கவிழ்த்து, முதுகு மேலாகவும் இரு விளிம்புகளும் அடித்தட்டில் படியும்படியும் வைப்பது சிறந்தது. அப்போது சக்கரம் முதலில் முதுகைத் தொட்டு, பிறகு இரு சிறகுகளின் கனத்தை மட்டும் வெட்டியபடி இறங்கும். ஒரு சிறகைப் படுக்கவைத்தால் கடைசியில் அதன் முழு அகலமும் ஒரே நேரத்தில் சக்கரத்தின் கீழ் வரும்.

பட்டையை விளிம்பில் நிறுத்தினால் விரைவாக வெட்டும். நிலைக்கோணம் சரியாக இருப்பது இதற்கு நிபந்தனை. சேனலை இரு கால்களும் கீழே இருக்கும்படி கவிழ்த்தால் ஆடாமல் உட்காரும். உருளைக் குழாய்க்கு வி வடிவத் தாங்கி கொடுத்தால் உருளாது. சுவர் மெலிந்த குழாயை வைஸ் நசுக்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. நசுங்கிய நிலையில் நேராக வெட்டிய முகம், வைஸைத் தளர்த்தியதும் பழைய உருவுக்குத் திரும்பிக் கோணிவிடும்.

வெட்டும் முறை

சக்கரம் முழு வேகம் எடுக்கும் வரை பொருளைத் தொடக் கூடாது. முதல் தொடுகை மிக மென்மையாக இருக்க வேண்டும். 2 அல்லது 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழும் வரை மெஷினின் கையை மெல்ல இறக்குவதே போதும். அந்தப் பள்ளமே பிறகு சக்கரத்துக்கு வழிகாட்டி. தொடக்கத்திலேயே அழுத்தினால் சக்கரம் பக்கவாட்டில் சறுக்கித் தவறான இடத்தில் பள்ளம் பறிக்கும். பிறகு முழு வெட்டும் அந்தத் தவறையே பின்தொடரும்.

பள்ளம் விழுந்த பின் சீராக அழுத்தலாம். மோட்டாரின் ஒலியும் பொறியின் ஓட்டமும் சரியான அழுத்தத்தைச் சொல்லும். ஒலி கம்மிப்போனால் அழுத்தம் மிகுதி. பொறி மெலிந்து இரும்பு மட்டும் சூடேறினால் அழுத்தம் போதவில்லை. மணிகள் வெட்டாமல் உரசி மழுங்குகின்றன. கைப்பிடியை நேர்கீழாகவே இறக்க வேண்டும். உடலை ஒருபக்கம் நிறுத்திக்கொண்டு கையால் இழுத்து அழுத்தும் பழக்கம், கீலின் ஆட்டம் முழுவதையும் ஒருபுறம் தள்ளிவிடும். சதுரக் குழாயின் அடிச்சுவரை எட்டும்போது தொடும் நீளம் திடீரெனக் கூடும். அங்கே அவசரப்படாமல் இருப்பவரின் வெட்டுதான் கீழ்விளிம்பு வரை நேராக இருக்கும்.

வெட்டுமுகத்தின் நிறமும் ஒரு சாட்சி. எஃகு சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறமும் 300 டிகிரியை ஒட்டி நீல நிறமும் கொள்ளும். விளிம்பு முழுதும் அடர்நீலமாக இருந்தால் சக்கரம் வெட்டியதைவிடத் தேய்த்ததே அதிகம்.

நீளமும் வெட்டுவாய் இழப்பும்

சாக்பீஸ் கோடே 2 மி.மீ. தடிப்பு இருக்கும். துல்லியம் வேண்டிய இடத்தில் கீறுகோலால் மெல்லிய கோடு கீற வேண்டும். நான்கு பக்கமும் மூலைமட்டத்தால் கோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால், கடைசிக் கோடு முதல் கோட்டில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் மட்டமோ குழாயோ கோணல். நின்றிருக்கும் சக்கரத்தைக் கீழே இறக்கி, அதன் பக்கம் கோட்டைத் தொடும்படியும், சக்கரத்தின் கனம் முழுதும் கழிவுப் பக்கத்தில் விழும்படியும் பொருளை நகர்த்தி இறுக்கவும்.

ஒவ்வொரு வெட்டும் ஏறத்தாழ 3 மி.மீ. இரும்பைத் தூசாக்குகிறது. சரியாக 6,000 மி.மீ. உள்ள குழாயிலிருந்து 600 மி.மீ. துண்டுகள் 10 எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால், 9 வெட்டுகளில் 27 மி.மீ. போய், பத்தாவது துண்டு 573 மி.மீ. மட்டுமே இருக்கும். முதலிலேயே எல்லாக் கோடுகளையும் போட்டுவிட்டு வெட்டுவதும் தவறு. ஒன்றை வெட்டிய பின் அடுத்ததை அளக்க வேண்டும்.

ஒரே நீளத்தில் பல துண்டுகள் வேண்டுமானால் தடுப்புக்கட்டை உதவும். அதை வைஸ் பிடிக்கும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். விழும் பக்கத்தில் நிலையாக வைத்தால் வெட்டுப்பட்ட துண்டு கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கி, சக்கரத்தை உடைக்கக்கூடும்.

45 டிகிரி வெட்டு

சட்டத்தின் மூலையை இரு 45 டிகிரி முகங்களால் சேர்க்கும்போது பிழை பெருகும். ஒவ்வொரு வெட்டும் அரை டிகிரி ஒரே பக்கம் தவறினால் ஒவ்வொரு மூலையும் 1 டிகிரி தவறும். நான்கு மூலையும் சேர்ந்து கடைசி இணைப்பில் 4 டிகிரி வாய் பிளக்கும். இதற்கும் திருப்பிச் சேர்க்கும் சோதனையே வழி. இரு வெட்டுத்துண்டுகளை மூலையாகச் சேர்த்து, உள்ளே மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். 45 டிகிரி வேலை முடிந்து அணைத்தகட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பியதும், 90 டிகிரியை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

சக்கரத்தில் அச்சிட்ட உச்சச் சுற்று வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வினாடிக்கு 80 மீட்டர் என்று குறித்த 355 மி.மீ. சக்கரத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 4,300 சுற்று. பிசின் கட்டு ஈரத்திலும் காலத்திலும் பலம் இழக்கும். எனவே சக்கரங்களில் காலாவதி தேதியும் இருக்கும். விரிசல் கண்ட, நனைந்த, கீழே விழுந்த சக்கரத்தைப் போடக் கூடாது. புதுச் சக்கரத்தை மாட்டியதும் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அதன் சுழல்தளத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். கட்டிங் வீலின் பக்கத்தில் எதையும் தீட்டக் கூடாது. மேல்மூடியைக் கழற்றி ஓட்டக் கூடாது.

பொறிகள் பல மீட்டர் பறக்கும். அவை போகும் திசையில் பெயிண்ட், தின்னர், சாக்கு, காஸ் சிலிண்டர் இருக்கக் கூடாது. கண்ணாடியோடு முகமறைப்பும், காது அடைப்பும், தூசு வடிகட்டும் முகக்கவசமும் தேவை. துத்தநாகம் பூசிய குழாயின் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். காற்றோட்டமான இடத்தில் வெட்ட வேண்டும். அலுமினியம் இச்சக்கரத்தின் துளைகளை அடைத்துவிடும். அதற்கு வேறு சக்கரமோ ரம்பமோ வேண்டும்.

வரலாறு

உராய்வுக்கு ஒருகாலத்தில் மணற்கல்லும் குருந்தக்கல்லும் போன்ற இயற்கைப் பொருள்களே இருந்தன. 1891-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் கூட்ரிச் அச்சிசன் மின்னுலையில் சிலிக்கான் கார்பைடைக் கண்டு அதற்குக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். பாக்சைட்டை மின்னுலையில் உருக்கி அலுமினியம் ஆக்சைடு மணி எடுக்கும் முறை அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் வகைப் பிசின்கள், சுட்ட களிமண் கட்டுச் சக்கரங்களைவிட நெகிழ்வான, மெல்லிய சக்கரங்களுக்கு வழி திறந்தன. அந்த நெகிழ்வுதான் சக்கரம் எளிதில் உடையாமல் காப்பது. வெட்டைக் கோணவைப்பதும் அதுவே.

தமிழ்நாட்டில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து 1954-இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையின் திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை உராய்வுப் பொருள்களைச் செய்கிறது.

பிற வெட்டு முறைகள்

கார்பைடு பல் பதித்த உலர்வெட்டு ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 1,300 முதல் 1,500 சுற்றில் மெதுவாகச் சுழலும். அதன் எஃகுத் தகடு விறைப்பானது. வெட்டுமுகம் குளிர்ந்து, பிசிறு குறைந்து, நேராக வரும். அந்த ரம்பத்தகட்டை 3,800 சுற்றில் ஓடும் கட்டிங் மெஷினில் மாட்டுவது பெரும் ஆபத்து. பேண்ட் சா பொருளைக் குறைவாகவே வீணாக்கும். ஆனால் நாடா தளர்ந்தால் அதுவும் விலகும். ஹாக்சாவால் பொறுமையுள்ள கை செங்கோணம் எடுக்கும். நூறு துண்டு வேண்டிய இடத்தில் அது இயலாது. கடினமான எஃகையும் கலவையான வடிவங்களையும் ஒரே சக்கரத்தால் மலிவாக வெட்டுவதில் உராய்வு மெஷினுக்கு இன்றும் இணை குறைவு.

சட்டத்தில் சரிபார்த்தல்

வெட்டு முடிந்ததும் உள்ளும் புறமும் பிசிறை அரத்தாலோ கிரைண்டராலோ நீக்க வேண்டும். கீழ்விளிம்பில் ஒட்டிய சிறு பிசிறு, சரியான வெட்டையும் கோணலாகக் காட்டும். பிறகு துண்டுகளைத் தட்டையான மேடையில் அடுக்கி, ஒவ்வொரு மூலையிலும் சிறு டேக் வெல்டு மட்டும் அடித்து, மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 1,200-க்கு 900 மி.மீ. அளவுள்ள சட்டத்தில் இரு மூலைவிட்டமும் 1,500 மி.மீ. காட்ட வேண்டும், 3, 4, 5 என்ற பழைய விகிதம்தான் அது. முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்தி, இரண்டு மூலைவிட்டமும் சமமாக நின்றால், சட்டத்தை இழுத்துக் கட்டவோ சுத்தியலால் தட்டி வளைக்கவோ தேவையில்லை; முழு வெல்டிங்கைத் தொடங்கலாம்.